மும்பையில் முதல் தாளவாத்தியம்: மிருதங்கமா, தபலாவா?

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவலி பக்கத் தமிழ் வீடுகளில் பிள்ளையைத் தாளவாத்தியத்தில் சேர்க்க நினைத்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும். பெரும்பாலும் எந்த வகுப்பு பக்கத்தில் இருக்கிறதோ அதில் சேர்த்துவிடுகிறார்கள். இந்த ஊரில் அது அநேகமாகத் தபலாவாக இருக்கும். பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் காரணமாக இருக்கக்கூடாது. இரண்டிலும் தாளம் இருக்கும் இடமே வேறு.

தபலாவில் தாளம் டேக்காவுக்குள், அதாவது திரும்பத் திரும்ப வாசிக்கும் நிலையான சொற்களின் (அடிகளின் பெயர்கள்) வரிசைக்குள், இருக்கிறது. தீன்தால் என்ற தாளத்துக்கு 16 மாத்திரை (எண்ணிக்கை), நான்கு நான்காக நான்கு பிரிவு. 1, 5, 13-இல் தட்டு, 9-இல் வீச்சு. அந்த வீச்சுதான் காலி. பரவலாகச் சொல்லித்தரும் பாடத்தில் 10 முதல் 13 வரை இடக்கையால் வாசிக்கும் டக்காவின் கும்மென்ற ஒலி இருக்காது, 14-இல் திரும்பச் சேரும். கேட்பவர் விரல் விட்டு எண்ணவே வேண்டாம், இடக்கை அடங்குவதை வைத்தே இடத்தைப் பிடித்துவிடலாம். தமிழில் குறிப்பெடுக்கும் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். இடக்கை சேர்ந்த ‘தா’, சேராத ‘தா’ இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதினால் காலி காணாமலே போய்விடும். இடக்கை சேரும் சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள், பிறகு குழப்பம் இல்லை.

மிருதங்கத்தில் அப்படி நிலையான டேக்கா கிடையாது. ஆதி தாளத்தின் 8 அட்சரம் (எண்ணிக்கை) கையில் நிற்கும்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. வாத்தியம் அதைச் சொல்லிக்கொண்டிருக்காது, பாட்டை ஒட்டி சர்வலகுவாக (சீரான ஓட்டமாக) நடக்கும். ஆகவே மாணவர் தாளத்தை முதலில் உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். தகிட, தகதிமி, தகதகிட, தகிடதகதிமி, தகதிமிதகதகிட என்று 3, 4, 5, 7, 9-ஐ வாயால் சொல்லிக் கையால் தாளம் போட்டு, மூன்று காலத்திலும் (வேகத்திலும்) நழுவாமல் வந்த பிறகே வாசிப்பு உட்காரும். தொடக்கம் மெதுவாகத்தான் போகும். ஆனால் அப்படிப் பழகியவருக்குப் பின்னால் எந்த இடத்து எடுப்பும் (பாட்டு தொடங்கும் இடம்) பயம் தராது.

வீட்டில் கர்நாடக சங்கீதம் பாடுகிறவர் இருந்தால் மிருதங்கம், யோசிக்கவே வேண்டாம். பஜனுக்கும் இந்திப் பாட்டுக்கும் சீக்கிரம் வாசிக்க வேண்டுமென்றால் தபலா. 8 மாத்திரைக் கெஹர்வா, 6 மாத்திரை தாத்ரா என்ற இரு தாளமும் சீராக வந்தாலே எளிய பாட்டுகளுடன் உட்காரலாம். தரநிலைத் தேர்வு வேண்டுவோருக்குக் காந்தர்வ மகாவித்யாலய மண்டலின் பிராரம்பிக், பிரவேசிகா வரிசையும் உண்டு. ஆரம்பத்தில் இரண்டையும் சேர்த்துக் கற்பது மட்டும் வேண்டாம். தபலாவில் இடது மணிக்கட்டின் அடி தோலில் ஊன்றியிருக்கும், விரல் நுனிதான் அடிக்கும். மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத் தோல்) முழுக் கையும் எழும்பி விழ வேண்டும். கை படியும் முன் கலந்தால் இரண்டுமே மழுங்கும்.

வலக்கையில் ஒரு சொல் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. மிருதங்கத்தின் ‘நம்’, தபலாவின் ‘நா’ இரண்டிலும் மோதிரவிரல் கரணையின் (தோலின் நடுவில் உள்ள கறுப்புப் பூச்சு) ஓரத்தை லேசாகத் தொட்டபடி இருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் அடித்து உடனே எழும்ப வேண்டும். அந்தத் தொடுகை அடிநாதத்தை (தோலின் அடிப்படை ஒலி) அடக்கி மேல்நாதத்தைத் (அதற்கு மேல் எழும் ஒலி) தெளிவாக்குகிறது. கரணை பூசிய தோலின் மேல்நாதங்கள் சுருதியோடு இசைந்து நிற்பதை சி.வி. ராமன் 1920-லேயே எழுதினார். மோதிரவிரலை அழுத்தினால் ஒலி செத்துவிடும், முழுக்கத் தூக்கினால் அடிநாதம் கலந்து கலங்கும். அடித்த விரல் தோலிலேயே தங்கினால் ‘டக்’ என்று நின்றுவிடும். முதல் பாடமான த, தி, தொம், நம் என்ற நான்கில் அதிக நாள் எடுப்பது இந்த ‘நம்’தான், அவசரப்படுத்தாதீர்கள்.

பராமரிப்பில் தபலா சுலபம். மிருதங்கத்துக்கு ஒவ்வொரு முறையும் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவில் ஒட்டி, வலந்தலையின் (வலப்பக்கத் தோல்) சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே நிறுத்த வேண்டும். ரவை கூடினால் சத்தம் சேறாகும், குறைந்தாலோ காய்ந்தாலோ சுருதி ஏறும். வாசித்து முடித்ததும் சுரண்டி ஈரத்துணியால் துடைக்காவிட்டால் பூச்சி வரும், தோல் கெடும். மும்பை மழைக்காலத்தில் இரண்டு வாத்தியமுமே ஈரம் குடித்துச் சுருதி இறங்கும். அதற்காக ஏசி காற்றுக்கு நேரே வைத்தால் தோல் திடீரென்று இறுகும், கரணை வெடிக்கும். உறையில் மூடி, வெளிச்சுவரை ஒட்டாத மூலையில் வையுங்கள். தபலாவுக்குத் தயார் தோல் வாங்கி மாட்ட இங்கே ஆள் உண்டு. மிருதங்கத்துக்கு மூட்டு (தோல் பகுதி) அடைப்பவர்கள் குறைவு, பலர் சென்னைக்கோ பாலக்காட்டுப் பெருவெம்பாவுக்கோ கொண்டுபோகிறார்கள். அந்த அலைச்சல் முடியாதவர்கள் ஸ்பேனரால் முறுக்கும் போல்ட் மிருதங்கத்தில் தொடங்கலாம், தப்பில்லை.

ஒரு கையில் பிடித்து மறு கையால் வாசிக்கும் கஞ்சிரா சின்னது, லோக்கல் ரயிலில் பையில் போகும். ஆனாலும் முதல் வாத்தியமாக வேண்டாம். ஒரே கையில் எல்லாச் சொல்லும் வர வேண்டும், தண்ணீர் தடவிய தோல் காயக்காயச் சுருதி மாறிக்கொண்டே இருக்கும். உடும்புத்தோல் கஞ்சிரா யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆட்டுத்தோல் போதும்.

எதை வாங்கினாலும் கடையிலேயே வலது வாயின் 16 கண்ணிலும் (வார் கோக்கும் இடங்கள்) விளிம்பைத் தட்டிப் பாருங்கள். ஒரே சுருதி வர வேண்டும். ஒன்றிரண்டு இடம் இறங்கியிருந்தால் பரவாயில்லை, தட்டிச் சரிசெய்யலாம். சுற்றிவரச் சுருதி ஏறி இறங்கினால், அல்லது கரணையின் ஓரம் பெயர்ந்திருந்தால், அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.