ஸ்டோரிபோர்டர்: பின்னால் படமே இல்லாத ட்ரெய்லரைத் திட்டமிட ஓர் இலவச மென்பொருள்

எடுத்து முடித்த படத்திலிருந்து நல்ல துண்டுகளை வெட்டிக் கோப்பதுதான் ட்ரெய்லர் என்பது திரையரங்குக்குப் போகிறவர்களின் கணக்கு. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் மாணவர்களுக்கு அந்தக் கணக்கு உதவாது. செய்முறைப் பணியாக ‘ஒரு கிரைம் த்ரில்லருக்கு 90 விநாடி ட்ரெய்லர்’ என்று கொடுக்கப்படும்போது வெட்டுவதற்குக் கையில் எந்தப் படமும் இருப்பதில்லை. இரண்டு மணி நேரக் கதை ஒன்று இருப்பதாகப் பாவித்துக்கொண்டு, அதில் எந்த 40 அல்லது 50 ஷாட்டுகள் வெளியே தெரிய வேண்டுமோ அவற்றை மட்டும் எடுத்தாக வேண்டும். பெரியவர்களும் இப்படிச் செய்ததுண்டு. 1960இல் வெளிவந்த ‘சைக்கோ’ படத்தின் ட்ரெய்லரில் இயக்குநர் ஹிட்ச்காக் தாமே செட்டைச் சுற்றிக் காட்டியபடி ஆறு நிமிடத்துக்கும் மேல் பேசுகிறார். முடிவில் குளியலறைத் திரை விலகும்போது அலறுகிறவர், படத்தில் அந்தக் காட்சியில் வரும் ஜேனட் லீ அல்லர், வீரா மைல்ஸ். ட்ரெய்லருக்கென்றே தனியாக எழுதித் தனியாகப் படம்பிடித்த வேலை அது. அவருக்கு ஒரு ஸ்டுடியோ பின்னால் இருந்தது. எங்களிடம் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது, ஆள்கள் ஐந்து பேர் இருந்தோம்.

அந்த மடிக்கணினியில் நாங்கள் ஐந்து வாரம் பயன்படுத்திய மென்பொருள்தான் ஸ்டோரிபோர்டர். வொண்டர் யூனிட் என்ற நிறுவனம் இலவசமாகவே வெளியிட்டிருக்கும் திறமூல மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஸ்டோரிபோர்டு (ஷாட்டுகளை வரிசையாக வரைந்து காட்டும் படத்தொடர்) வரைவதற்கான கருவி என்றுதான் எல்லோரும் இதை அறிமுகப்படுத்துகிறார்கள். என் கருத்தில் இதன் சிறப்பு வரைவதில் இல்லை, ஒவ்வொரு சட்டகத்துக்கும் (ஒரு ஷாட்டுக்காக வரைந்த படத்துக்கும்) எவ்வளவு நேரம் என்று கேட்டு நம்மைப் பதில் சொல்ல வைப்பதில் இருக்கிறது. ட்ரெய்லர் திட்டமிடுகிறவனுக்கு அந்த ஒரு கேள்விதான் முக்கியம். தாளில் கட்டம் போட்டு வரையும்போது அதை யாரும் நம்மிடம் கேட்பதில்லை.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் உதாரணங்களுக்கு அது வேண்டும். ஒரு சிற்றூரின் அடகுக் கடையில் வேலை பார்க்கும் இளைஞன், அடகுக்கு வந்த ஒரு ஜோடித் தோட்டை, பேருந்து நிலையச் சுவரில் ‘காணவில்லை’ சுவரொட்டியில் இருக்கும் பெண்ணின் காதில் பார்த்துவிடுகிறான். படத்தின் பெயர் ‘மீட்பு நாள்’. கதை முழுவதும் ஒரு பக்கத்தில் அடங்கியது. அதை ட்ரெய்லராக மாற்றுவதற்குள்தான் விழி பிதுங்கிவிட்டது.

முதல் வாரம் நாங்கள் செய்தது ஆர்வக்கோளாறு. மனத்தில் தோன்றிய ஷாட்டுகளையெல்லாம் வரைந்து தள்ளினோம். 61 சட்டகங்கள் ஆயின. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஸ்டோரிபோர்டர் தானாக இரண்டு விநாடி கொடுக்கும் என்பதால், ஓட்டிப் பார்த்தபோது 122 விநாடி வந்தது. நேரம் 32 விநாடி கூடுதல் என்பதை விடப் பெரிய குறை ஒன்று அப்போதுதான் கண்ணில் பட்டது. எல்லா ஷாட்டும் ஒரே நீளத்தில் மாறி மாறி வந்தபோது, அது திருமண வீட்டில் திரையில் ஓடும் புகைப்படத் தொகுப்பைப் போல இருந்தது. பயம் எங்கேயும் இல்லை. எங்கள் குழுவில் படத்தொகுப்பைப் பார்த்துக்கொண்ட தோழி, வெளிவந்த ட்ரெய்லர்கள் ஆறேழை எடுத்துவைத்து, வெட்டு விழும் இடங்களைத் தாளில் கோடு போட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். ‘ஆய்வு’ என்ற தலைப்பில் நாங்கள் சமர்ப்பித்த பக்கங்களிலேயே உருப்படியானது அந்த ஒரு தாள்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். அவள் எண்ணியவற்றில் பெரும்பாலானவை மெதுவாகத் தொடங்கி, நடுவில் சீராகி, முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு விநாடிக்கும் குறைவான துண்டுகளாகச் சிதறி, திடீரென்று மௌனமாகித் தலைப்பைக் காட்டின.

அதன்படி நாங்கள் கால அளவுகளை மாற்றத் தொடங்கினோம். ஒவ்வொரு சட்டகத்தின் நேரத்தையும் விநாடியிலோ பிரேமிலோ (ஒரு விநாடிக்குள் ஓடும் தனிப்படங்களின் கணக்கிலோ) திருத்தி, உடனே ஓட்டிப் பார்த்து, மறுபடி திருத்த முடிகிறது. கடைசியில் நின்றது 47 சட்டகங்கள்: தொடக்கத்தில் 5 சட்டகங்களுக்கு 22 விநாடி, நடுப்பகுதியில் 16 சட்டகங்களுக்கு 38 விநாடி, உச்சத்தில் 24 சட்டகங்களுக்கு 22 விநாடி, தலைப்புக்கும் அதன்பின் வரும் கடைசி அதிர்ச்சிக்கும் சேர்த்து 8 விநாடி. உரைகல்லில் தோட்டை உரசும் ஷாட்டுக்கு மட்டும் ஏழு விநாடி விட்டோம். வரைந்த படமாகப் பார்த்தபோது அது சலிப்பூட்டும் நீளமாகவே தோன்றியது. கூடவே உரசும் ஒலியைக் கைபேசியில் பதிந்து அந்தச் சட்டகத்தோடு இணைத்த பிறகு ஏழு விநாடியும் போதவில்லை என்று தோன்றியது. சட்டகங்களோடு ஒலியைச் சேர்க்கும் இந்த வசதியை அநேகர் கண்டுகொள்வதில்லை. த்ரில்லர் செய்கிறவர்கள் முதலில் திறக்க வேண்டியதே அதைத்தான். நாயகனின் குரலை யாராவது ஒருவர் தற்காலிகமாகப் பேசிப் பதிந்தாலே, எந்த வசனம் ட்ரெய்லரில் தேவையற்றது என்பது காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

வரையத் தெரியாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. எங்களில் ஒருவனுக்குத்தான் கை ஓடும். மற்ற நால்வரும் குச்சி மனிதர்கள்தான். மென்பொருளில் உள்ள வரைகருவிகள் வேண்டுமென்றே குறைவாக வைக்கப்பட்டவை: மெல்லிய பென்சில், அழுத்தமான பென்சில், பேனா, தூரிகை, குறிப்பெழுதும் பென்சில், அழிப்பான், அவ்வளவுதான். டேப்லெட் பேனா இருந்தால் இவை இனிமையானவை. சுட்டியை வைத்து வரைவது, கையுறை மாட்டிக்கொண்டு கோலம் போடுவது போலத்தான். அதற்கு மாற்றாக, கட்டங்கள் கொண்ட தாளை இதிலிருந்தே அச்செடுத்து, அதில் பென்சிலால் வரைந்து, புகைப்படமாக உள்ளே கொண்டுவரும் வழி இருக்கிறது. அந்த அச்சுத் தாளில் இருக்கும் குறியீட்டைக் கொண்டு எந்தக் கட்டம் எங்கே போக வேண்டும் என்று மென்பொருளே பிரித்துக்கொள்ளும். எங்கள் 47இல் பாதிக்கு மேல் இப்படித்தான் உள்ளே வந்தது.

இன்னொரு வழி ‘ஷாட் ஜெனரேட்டர்’. முப்பரிமாணப் பொம்மை மனிதர்களையும் மேசை, நாற்காலி போன்ற பொருள்களையும் ஓர் அறையில் வைத்து, கேமராவை நகர்த்தி, அந்தக் கோணத்தைச் சட்டகமாக எடுத்துக்கொள்ளலாம். ஆள்களின் உயரத்தையும் உடல் நிலையையும் மாற்றலாம். என்னைக் கவர்ந்தது அதே திரையில் தெரியும் மேல்பார்வைப் படம். அடகுக் கடை என்பது நடுவில் ஒரு மரத் தடுப்பும் கம்பி வலையும் கொண்ட எட்டுக்குப் பத்தடி இடம். வாடிக்கையாளர் ஒருபுறம், பையன் மறுபுறம். கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது, 180 டிகிரிக் கோட்டை (கேமரா ஒரே பக்கத்தில் நிற்பதற்காக இருவருக்கும் இடையே பாவிக்கும் கோட்டை) எங்கே தாண்டிவிடுகிறோம் என்பதை மேலிருந்து பார்த்தபோதுதான், நாங்கள் ஆசையாக வரைந்து வைத்திருந்த மூன்று ஷாட்டுகளில் கேமரா சுவருக்குள் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. நேரில் இடம் பார்க்கப் போய் அடிகளை அளந்து வந்து, அதே அளவில் அறையை அமைத்துக்கொண்டால் இந்தப் பயன் கிடைக்கும். குத்துமதிப்பாக அமைத்தால் கிடைக்காது. ஓர் எச்சரிக்கையும் உண்டு. அங்கே லென்ஸுக்குக் காட்டும் மில்லிமீட்டர் எண்ணை அப்படியே நம்பி லென்ஸ் வாடகைக்கு எடுத்துவிடக் கூடாது. மாணவர்கள் கைக்குக் கிடைக்கும் கேமராக்களில் பல ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவு சென்சார் கொண்டவை. நிக்கானிலும் சோனியிலும் 1.5 மடங்கு, கேனானில் 1.6 மடங்கு என்று பார்வைக் கோணம் குறுகிவிடும். 50 மி.மீ. லென்ஸ் அங்கே 75 அல்லது 80 மி.மீ. போலத்தான் நடந்துகொள்ளும், எட்டடி அகலக் கடைக்குள் அது தாங்காது.

ஒவ்வொரு சட்டகத்தின் கீழும் வசனம், செயல், குறிப்பு என்று மூன்று இடங்கள் இருக்கின்றன. குறிப்புக்கான இடத்தை நாங்கள் ஆய்வுக்கென்றே ஒதுக்கினோம், அது நல்ல முடிவாக அமைந்தது. ஒரே ஓர் உதாரணம் தருகிறேன். எங்கள் காவல் ஆய்வாளர் பேசும் வசனத்தில் ‘302’ என்று எழுதியிருந்தோம். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த யாருக்கும் கொலை வழக்கென்றால் கைப்பழக்கமாக வரும் பிரிவு எண் அது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் கொலைக்கான தண்டனை 103ஆம் பிரிவு. முதல் தகவல் அறிக்கையும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154இலிருந்து அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுக்கு இடம் மாறிவிட்டது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய பிரிவே பொருந்தும். ஆகவே ஆய்வாளர் எந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கடைச் சுவரில் தொங்கும் தினக் காலண்டர். கொலை நடந்ததைக் காட்டும் 9ஆவது சட்டகத்தின் குறிப்பில் ‘காலண்டர் தாள்: 2023’ என்று எழுதிவைத்தோம், கலை வேலை பார்த்த நண்பன் அதைப் பார்த்துத்தான் பழைய காலண்டர் தேடிப் போனான். வேறு யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் 302 என்ற எண் எங்கள் படத்தில் சரியான காரணத்தோடு நிற்கிறது என்பதில் எனக்கொரு திருப்தி.

உண்மைச் செய்திகளிலிருந்து கதை எடுப்பவர்களுக்கும் இதே இடம் பயன்படும். பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளிப்படுத்துவதை நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு தடை செய்கிறது. செய்தித்தாள் துணுக்கிலிருந்து பெயரையோ ஊரையோ முட்டுப்பொருளாக (காட்சியில் வைக்கும் பொருளாக) அச்சடிக்கும் முன் அதைச் சட்டகத்தின் கீழேயே குறித்துவைப்பது பாதுகாப்பு.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு முள் இருக்கிறது. திரைக்கதையை ஃபவுன்டன் என்ற உரை வடிவத்தில் எழுதிக் கொடுத்தால் ஸ்டோரிபோர்டர் அதைக் காட்சிகளாகப் பிரித்துக்கொள்ளும். அந்த வடிவமோ ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது; காட்சித் தலைப்பை ‘இன்டீரியர்’, ‘எக்ஸ்டீரியர்’ என்பவற்றின் ஆங்கிலச் சுருக்கங்களைக் கொண்டும், பாத்திரத்தின் பெயரைக் கேபிடல் எழுத்தைக் கொண்டும் அடையாளம் காண்பது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத மொழியில் எழுதினால் அது என்ன செய்யும்? தலைப்புக்கு முன் ஒரு புள்ளியும் பெயருக்கு முன் ‘@’ குறியும் இடலாம் என்று ஃபவுன்டன் விதிகளில் ஒரு வழி உண்டு. ட்ரெய்லருக்கு அந்தச் சிரமம் எதற்கு என்று நாங்கள் வெற்று ஸ்டோரிபோர்டிலிருந்தே தொடங்கினோம். 90 விநாடிக்கு அதுவே போதும். இருபது நிமிடக் குறும்படம் என்றால் யோசிக்க வேண்டியிருக்கும்.

படப்பிடிப்புக்குப் பிறகும் இது உதவும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. சட்டகங்களை அவற்றின் கால அளவோடு பிரீமியர், ஃபைனல் கட், ஆவிட் ஆகிய படத்தொகுப்பு மென்பொருள்களுக்கு அனுப்ப முடிகிறது. பென்சில் படங்களாலான முழு ட்ரெய்லரையும் முதலில் டைம்லைனில் விரித்துவிட்டு, ஒவ்வொரு நாளும் எடுத்து வந்த ஷாட்டை அதற்குரிய பென்சில் படத்தின் மேல் வைத்துக்கொண்டே போனோம். எது பாக்கி என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அடகுக் கடைக்காரர் ஞாயிறு மதியம் 2 முதல் 6 வரைதான் கடையைத் தந்தார். அந்த நான்கு மணி நேரத்தில் 19 ஷாட்டுகள் எடுத்தோம். மழையால் எடுக்க முடியாமல் போன ஒரு பேருந்து நிலைய ஷாட், துறைக்குக் காட்டிய முதல் பிரதியில் பென்சில் படமாகவே 20 பிரேம் ஓடியது.

குறைகளுக்கு வருகிறேன். இது ஒருவர் அமர்ந்து செய்யும் மென்பொருள். கூகுள் டாக்ஸ் போல ஐந்து பேரும் ஒரே நேரத்தில் திறந்து திருத்த வழியில்லை. திட்டம் என்பது ஒரு கோப்பும் அதன் படங்கள் அடங்கிய ஒரு ஃபோல்டரும் சேர்ந்தது. கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போனால் படங்கள் வராது, ஃபோல்டர் முழுவதையும் நகலெடுக்க வேண்டும். யார் எந்த நாள் வர வேண்டும், எந்த இடத்துக்கு எவ்வளவு செலவு என்பது போன்ற விஷயங்களுக்கு இதில் இடமே கிடையாது. ஒன்லைன் ஆர்டரையும் (காட்சிகளை எடுக்கும் வரிசைப் பட்டியலையும்) கால்ஷீட்டையும் நாங்கள் சாதாரண எக்செல்லில்தான் போட்டோம். திட்டத்தைத் தொடங்கும்போதே சட்டகத்தின் அகல உயர விகிதத்தைக் கேட்கும். சினிமாஸ்கோப் ஆசையில் 2.39 என்று தேர்ந்துவிட்டுப் பிறகு 16:9க்கு மாறுவது வீண் வேலை என்பதால், எந்தத் திரையில் காட்டப்போகிறீர்கள் என்பதைத் துறையில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அழகாக வரைந்த ஸ்டோரிபோர்டை ஆல்பமாகக் கட்டி மதிப்பெண் வாங்குவதுதான் நோக்கம் என்றால் நல்ல தாளும் பென்சிலும் இதைவிடச் சிறப்பு. ட்ரெய்லர் ஓட வேண்டும் என்பது நோக்கமானால், வரைய ஆரம்பிக்கும் அன்றே இதை நிறுவி, பத்து மோசமான சட்டகங்களைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். எங்களைப் போல முதல் வாரத்தை அழகுக்குச் செலவழித்துவிட்டு இரண்டாம் வாரம் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.