மாடியில் ஒரு மின்காற்றாடி: 14 மாத அனுபவம், ஒரு சண்டை உட்பட

காற்றில் சுற்றி மின்சாரம் தரும் இந்தச் சின்னக் காற்றாடியை மின்சாரத்துக்காக வாங்க நினைத்தால் வாங்காதீர்கள், இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வேறு காரணம் ஏதாவது இருந்தால் மேலே படியுங்கள்.

நான் கடலூரில், தேவனாம்பட்டினம் போகும் வழியில் குடியிருக்கிறேன். இயற்பியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் வந்துபோன பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 13 நாள் ஆனது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து, அவ்வளவு காற்றும் சும்மா போய்விட்டதே என்று யோசித்தேன். அந்த யோசனை பல வருஷம் உள்ளே கிடந்து, 2024 ஜூனில் 38,500 ரூபாய்க்குச் செலவு வைத்தது.

வந்த பொருள்: மூன்று இறக்கை, குறுக்களவு 1.2 மீட்டர், 24 வோல்ட், பேட்டரி சார்ஜாவதைக் கட்டுப்படுத்தும் ஒரு சார்ஜ் கண்ட்ரோலர், பத்தடி ஜி.ஐ. பைப். பேட்டரி நம் பொறுப்பு. பெட்டியில் கொட்டை எழுத்தில் '400 வாட்'. அதற்குக் கீழே பொடி எழுத்தில், விநாடிக்கு 12 மீட்டர் காற்றடித்தால். அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் பணம் கட்டியது ஒரு இயற்பியல் டீச்சர் என்று தெரிந்தால் என் பழைய மாணவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். எப்பேர்ப்பட்ட காற்றாடியானாலும் வருகிற காற்றின் சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் பிடிக்க முடியாது என்று பெட்ஸ் என்ற ஜெர்மானியர் கணக்குப் போட்டு நூறு வருஷம் தாண்டிவிட்டது. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிய கைதான் என்னுடையது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் காடு மாதிரி நிற்கின்றன என்றால், அங்கே மலைக்கணவாய்க்குள் நுழைகிற தென்மேற்குக் காற்று இடுங்கி வேகமெடுக்கிறது. எங்கள் தெருவில் கணவாய்க்கு எங்கே போவது? இருப்பது தண்ணீர்த் தொட்டிகளும் நாலு தென்னையும். மத்தியானம் ஒரு மணி, இரண்டு மணிக்குக் கிளம்பும் கடல் காற்று அவற்றில் இடித்துச் சுழன்று வரும். காற்றாடி எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தலையைத் திருப்பித் திருப்பி, பாதி நேரம் நின்றே போகும்.

தினமும் நோட்டில் எழுதி வைத்தேன். சராசரியாக எட்டு நாளைக்கு ஒரு யூனிட், அதாவது இரண்டு மாதத்துக்கு ஏழரை. அப்போது அதே இரண்டு மாதத்துக்கு அரசாங்கம் வீட்டுக்கு 100 யூனிட் இலவசமாகவே தந்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டு மாடியில் ஒற்றை 335 வாட் சோலார் பலகை, சத்தமே இல்லாமல், நல்ல வெயிலில் ஒரு நாளிலேயே ஒரு யூனிட்டுக்கு மேல் கொடுக்கிறது. மதிப்பீடு இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

பொருத்த வந்த பையன், தனிக் கம்பம் நட்டால் செலவு என்று பைப்பைக் கைப்பிடிச் சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டுப் போனான். அந்தச் சுவர் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. ஆடிக் காற்று தொடங்கிய மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "டீச்சர், ராத்திரியில எங்க செவுத்துக்குள்ள யாரோ மாவு அரைக்கிறாங்க" என்றார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. இறக்கையின் நிழல் அவர்கள் வடகத்தின் மேல் ஓடுகிறது, காயப்போட உட்கார்ந்த மாமியாருக்குத் தலை சுற்றுகிறது. தெற்கில் சுற்றுவது வாஸ்துப்படி ஆகாது. கடைசியாக, இது மேகத்தைக் கலைக்கிறது, அதனால்தான் நம் தெருவில் மழை இல்லை. 1.2 மீட்டர் காற்றாடி! ஆனால் மகாராஷ்டிராவில் வறட்சி வந்தபோது ஊர்க்காரர்கள் பெரிய காற்றாலைகள் மேல் இதே பழியைப் போட்டார்கள் என்பதால் அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

"காற்று என்ன உங்க வீட்டுச் சொத்தா?" என்று நானும் ஒருநாள் கேட்டுவிட்டேன். இதைக் கேட்ட முதல் ஆள் நானில்லை. 1191-இல் இங்கிலாந்தில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊரில் ஹெர்பர்ட் என்ற பாதிரியார் ஒரு காற்றாலை கட்டினார். மடத்துத் தலைவர் சாம்சனுக்கு வந்ததே கோபம்! ஊர் தானியமெல்லாம் மடத்து ஆலைக்கல்லவா அரைக்க வர வேண்டும்? காற்று எல்லாருக்கும் பொது, அதை யாரும் மறுக்கக் கூடாது என்றார் ஹெர்பர்ட். சாம்சன் அசையவில்லை. மடத்து ஆட்கள் இடிக்க வருமுன் ஹெர்பர்ட்டே ஆள் வைத்துப் பிரித்துப் போட்டுவிட்டார். இந்தக் கதையை நியாயம் என் பக்கம் என்று காட்டத்தான் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிரிச்சிட்டாரு இல்ல டீச்சர்?" என்றார்.

அன்று ராத்திரி அவர் மனைவி கூப்பிட்டு, "அக்கா, ஒரு தடவை வந்து கேட்டுட்டுப் போங்க" என்றார். போனேன். அவர்கள் படுக்கையறைச் சுவரில் காதை வைத்தேன். காற்றாடி இருக்கும் எங்கள் மாடியில் கிர்ரென்று லேசாகக் கேட்பது, பைப் வழியாகச் சுவரில் இறங்கி, அங்கே உம்ம்... உம்ம்... என்று நெஞ்சில் அதிர்ந்தது. 1605-இல் வந்த டான் குவிக்ஸோட் நாவலில், எட்டாம் அத்தியாயத்தில், முப்பது நாற்பது காற்றாலைகளை ராட்சசர்கள் என்று நினைத்துக் குதிரையில் பாய்ந்து, ஈட்டி முறிந்து விழுவானே, அவனைப் பார்த்து நான் பள்ளிக்கூட நாளிலிருந்து சிரித்து வந்தவள். அது வெறும் ஆலை ஐயா என்று சொன்ன அவன் பணியாள் சாஞ்சோவின் கட்சி நான். சாஞ்சோ அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் ரப்பர் ஷீட் வாங்கி கிளாம்புக்கு இடையில் வைத்தேன். பாதி குறைந்தது. மீதிக்காக ராத்திரி பத்து மணிக்கு பிரேக் போட ஒப்புக்கொண்டேன். ஏழரை யூனிட் ஆறாகியது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. என் 13 நாள் யோசனைக்குப் பதில் கிடைத்த நாள் அது: காற்று மிக அதிகமாக அடிக்கும்போது காற்றாடியைக் கழற்றிக் கூடத்தில் சாய்த்து வைக்க வேண்டும். மாடியில் விட்டால் இறக்கை யார் வீட்டு ஜன்னலுக்குள் போகும் என்று சொல்ல முடியாது. விடிந்து பார்த்தால் பக்கத்து வீட்டுத் தொட்டி மூடியைக் காணோம். காற்றாடிதான் இடித்துத் தள்ளியது என்றார் அவர். ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' நாவலில் புயலில் காற்றாலை விழுந்ததும் நெப்போலியன் என்ற பன்றி, பண்ணையை விட்டுத் துரத்தப்பட்ட ஸ்னோபால் என்ற இன்னொரு பன்றி மேல் பழி போடும். எங்கள் ஸ்னோபால், அதாவது காற்றாடி, கூடத்தில் போர்வைக்கு அடியில் படுத்திருந்ததைக் கூட்டிவந்து காட்டினேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. பெயர் வேண்டாம். எட்டாம் மாதம் கண்ட்ரோலர் கருகியது. வாரண்டி காற்றாடிக்கு மட்டும், கண்ட்ரோலருக்கு இல்லை என்றார்கள். புதியது 3,200 ரூபாய். தாங்கு உருளையில், அதாவது பேரிங்கில், உப்புக் காற்றுக்கு ஒரு வருஷத்திலேயே துரு. கடற்கரை ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்படியும் வாங்குவேன் என்றால், சுவரில் கட்டாதீர்கள், தரையிலிருந்து தனிக் கம்பம் நடுங்கள். பணம் கட்டுமுன் பக்கத்து வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். அரை, அது சுற்றும் அழகுக்கு.

போன ஆடியில் கழற்றிவிட்டேன். பண்ருட்டிப் பக்கம் என் தம்பியின் முந்திரித் தோப்பில், கொட்டகைக்கு ஒரு எல்.இ.டி. விளக்கு எரிகிறது. பைப்பை மட்டும் எடுக்கவில்லை. "அது இருக்கட்டும் டீச்சர், கொடி கட்ட உதவும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர்கள் வீட்டுப் போர்வைகள் இப்போது அதில்தான் காய்கின்றன, பாதி எங்கள் மாடியில்.