நாற்றுமேடைப் பம்பை வீட்டிலிருந்து இயக்க ஒரு ராஸ்பெர்ரி பை: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து செம்மண் சாலையில் ஆறு கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் செம்பனை நாற்றுமேடை வரும். பைகளில் வளரும் கன்றுகளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டாக வேண்டும். நல்ல மழை பெய்த நாளிலோ பம்பை ஓட்டக் கூடாது. அங்கே வேலை பார்க்கும் தம்பி பிற்பகல் இரண்டு மணிக்கே வீடு திரும்பிவிடுவதால், மாலைத் தண்ணீருக்காக நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தேன். அந்த அலைச்சலைத் தவிர்க்கவே ராஸ்பெர்ரி பை 4 மாடல் பி என்னும் சிறு கணினிப் பலகையை 2 ஜிபி நினைவகத்துடன் வாங்கினேன். ஒரு ரிலேயை, அதாவது கட்டளைக்கு இயங்கும் மின்சுவிட்சை, திறந்து மூடுவதற்கு இதுவே அதிகம். பை 5 வாங்கச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் அதற்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் மின்வழங்கி வேண்டும், சூடும் கூடுதல். தகரக் கூரைக் கொட்டகைக்குள் இருக்கப்போகும் பொருளுக்கு அது தேவையில்லை என்று முடிவு செய்தேன்.

பலகையை வாங்கிய மின்னணுக் கடையில், 30 வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாகக் கொடுத்தால் இயங்குதளத்தை நிறுவியே தருகிறோம் என்றார்கள். பொருளைப் பற்றி எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் இந்தச் சேவையில்தான். அவர்கள் இயங்குதளத்தை நிறுவித் தந்த நினைவக அட்டையில் பயனர் பெயர் 'பை', கடவுச்சொல் 'ராஸ்பெர்ரி'. உலகமே அறிந்த இந்த இணையை இயங்குதளத்தை உருவாக்கியவர்களே 2022 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். அப்படியானால் எனக்குக் கிடைத்தது எப்போதோ எடுத்து வைத்த பழைய நகல். வருகிற வாடிக்கையாளர் எல்லாருக்கும் அதையே படியெடுத்துத் தருகிறார்கள் போலும். வெளியிலிருந்து இயக்குவதற்காக இணையத்தில் இணைக்கப்போகும், 240 வோல்ட் மோட்டாரைக் கையாளப்போகும் ஒரு கருவிக்கு இப்படியொரு கடவுச்சொல்லா? மறுநாள் திரும்பப் போய்க் கேட்டபோது கடைக்காரர் பொறுமையாகவே பதில் சொன்னார்: "மானிட்டரும் கீபோர்டும் போட்டுப் பாருங்க சார், எல்லாம் ஓடும்." கொட்டகையில் மானிட்டர் கிடையாது என்பதற்காகத்தானே நான் இந்த ஏற்பாட்டையே செய்தேன்!

பிறகு நானே நிறுவினேன். ராஸ்பெர்ரி பை இமேஜர் என்னும் இலவச மென்பொருளை மடிக்கணினியில் இறக்கிக்கொண்டு, பலகையின் வகை, இயங்குதளம், மைக்ரோ எஸ்டி அட்டை ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் எடுத்தது வரைகலைத் திரை இல்லாத 64 பிட் லைட் பதிப்பு. இதற்கு அடுத்துக் கேட்கப்படும் அமைப்புகள்தான் திரையில்லாமல் நிறுவுபவருக்கு உயிர்நாடி. கருவியின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை பெயரும் அதன் கடவுச்சொல்லும், நேர மண்டலம், எஸ்எஸ்எச் (வேறொரு கணினியிலிருந்து உள்நுழைந்து கட்டளை இடும் வசதி) அனுமதி ஆகியவற்றை அட்டையில் எழுதும் முன்பே கொடுத்துவிடலாம். வைஃபை நாட்டை மலேசியா என்று குறிப்பதை மறந்தால் கம்பியில்லா இணைப்பு முடங்கியே கிடக்கக்கூடும். எஸ்எஸ்எச் வசதியும் 2016 முதல் இயல்பில் மூடியே வருகிறது. நாம் அனுமதித்தால்தான் திறக்கும். இந்தப் பக்கத்தை அவசரத்தில் தாண்டிச் சென்றவர்கள்தாம் பிறகு பலகை கெட்டுப்போய்விட்டது என்று குறை சொல்கிறார்கள்.

பழைய காணொளிகளைப் பார்த்து நிறுவ முயல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைஃபை விவரங்களை ஒரு சிறு கோப்பில் எழுதி அட்டையின் பூட் (தொடக்க) பகுதியில் போடும் வழக்கம், 2023 அக்டோபரில் வெளிவந்த இயங்குதளத்தின் புக்வோர்ம் பதிப்போடு செயலற்றுப்போனது. அப்பதிப்பு, இணைப்புகளைக் கையாள நெட்வொர்க் மேனேஜர் என்னும் வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டது. அட்டை எழுதி முடிந்தபின் விண்டோஸ் கணினி, இதை ஃபார்மட் செய்ய வேண்டுமா என்று கேட்டாலும் சம்மதிக்கக் கூடாது. அட்டையின் லினக்ஸ் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாததால் எழும் கேள்வி அது. நான் முதல் தடவை சம்மதித்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன்.

முதல் இயக்கத்தின்போது கருவி அட்டையின் முழு அளவுக்கும் தன்னை விரித்துக்கொண்டு மறுதொடக்கம் செய்யும் என்பதால், சில நிமிடங்கள் கை வைக்காமல் இருப்பது நல்லது. அதன்பின் வீட்டு வைஃபையிலேயே 'நாற்று.லோக்கல்' என்று தட்டியதும் உள்ளே நுழைய முடிந்தது. (பெயரை ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும், அழகான தமிழ்ப் பெயராக வைத்திருந்தும் எனக்கு இது ஒரு சிறு வருத்தம்.)

கொட்டகையில் வைத்த முதல் வாரம் தொடர்பு அடிக்கடி அறுந்தது. கைப்பேசிக்கு வாங்கிய சார்ஜரையும் நீளமான மெல்லிய கேபிளையும் பயன்படுத்தியதே காரணம். பை 4 கேட்பது 5 வோல்ட், 3 ஆம்பியர், மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு அணைந்து எச்சரிக்கும். தம்பி அழைத்து, "அண்ணே, செகப்பு வெளக்கு அப்பப்ப அணையுது, பச்சை மட்டும் மினுக்குது" என்று சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. நிறுவனமே விற்கும் மின்வழங்கிக்கு மாற்றியதிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. பலகையின் விலையை ஒப்பிட்டு மின்வழங்கியில் மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

வெளியிலிருந்து எட்டுவது இன்னொரு கதை. கொட்டகைக்கு ஃபைபர் இணைப்பு இல்லை. சிம் அட்டை போட்ட ரூட்டர்தான். கைப்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரிக்கு (இணையத்தில் அடையாளம் காட்டும் எண்) பின்னால் வைப்பதுண்டு. அப்படி வைத்தால் வெளியிலிருந்து நேராகக் கதவைத் தட்ட வழியிருக்காது. 2024 மே மாதம் அறிமுகமான ராஸ்பெர்ரி பை கனெக்ட் சேவை இதைத் தீர்க்கிறது: கருவியே வெளியே வந்து இணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது, நாம் உலாவியில் உள்நுழைந்து கட்டளை இடுகிறோம். தனிநபர்களுக்கு இலவசம். லைட் பதிப்பில் திரைப் பகிர்வு கிடையாது, கட்டளைச் சாளரம் மட்டுமே. எனக்கு அது போதும். ஆனால் 'எனேபிள் லிங்கர்' என்ற கட்டளையை ஒருமுறை கொடுக்காவிட்டால், மறுதொடக்கத்துக்குப் பின் யாராவது கருவிக்குள் நுழையும் வரை இந்தச் சேவை எழாது. ஆள் இல்லாத கொட்டகையில் யார் நுழைவது? இவ்வளவு முக்கியமான குறிப்பு நிறுவும்போதே கண்ணில் படும்படி இருந்திருக்க வேண்டும். இந்தச் சேவையில் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

மாலை இடிமழையில் மின்சாரம் போய்வருவது இங்கே வாடிக்கை. மின்சாரம் திரும்பியதும் பலகை தானாகவே எழுந்துவிடுகிறது. ஆனால் பை 4இல் பேட்டரியில் ஓடும் கடிகாரம் இல்லை. இணையம் கிடைக்கும் வரை பழைய நேரத்தையே வைத்துக்கொண்டிருக்கும். ஆகவே நேரம் சரியான பிறகே பம்பு ஓடவும், ஒருமுறை ஓடினால் இருபது நிமிடத்தில் தானாக நிற்கவும் நிரலை மாற்றினேன். திடீர் மின்தடையால் அட்டை கெடாமல் இருக்க, அட்டையில் எழுத வேண்டியதை நினைவகத்திலேயே நிறுத்திவைக்கும் ஓவர்லே வசதியையும் இயக்கியிருக்கிறேன். பதிவேடுகள் மறுதொடக்கத்தில் அழிந்துபோகும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

மோட்டார் இணைப்பை வயர்மேனிடம் விட்டுவிட்டேன். சிறிய ரிலே நேராக மோட்டாரைத் தாங்காது; ரிலே காண்டாக்டர் என்னும் பெரிய மின்சுவிட்சை இயக்க, காண்டாக்டர் மோட்டாரை இயக்குகிறது.

நான்கு மாதத்தில் கருவி ஒருநாளும் சொன்ன சொல்லை மீறவில்லை. சென்ற வாரம் மட்டும் வீட்டிலிருந்து பம்பை ஓட்டினேன், திரையில் 'ஓடுகிறது' என்றே காட்டியது. காலையில் தம்பி போய்ப் பார்த்தால் கன்றுகள் எல்லாம் காய்ந்து கிடக்க, வடிகட்டியை இலைச் சருகு அடைத்திருந்தது. மோட்டாருக்கு மின்சாரம் போனதா என்பதைத்தான் கருவி அறியும், கன்றுகளுக்குத் தண்ணீர் போனதா என்பதை அறியாது. நீரோட்ட உணரி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பொருத்தவில்லை.