பெட்டியில் புது எஸ்எஸ்டி, கணினிக்குள் பழைய எஸ்எஸ்டி: ₹8,400 போன விதம்

பழைய மடிக்கணினிக்கு, தரவைச் சேமித்து வைக்கும் வட்டான எஸ்எஸ்டியை மாற்றக் கடையில் கொடுத்துவிட்டு, "ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க" என்ற சொல்லை நம்பி எழுந்து போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகட்டும். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதப்போகிறேன். மடிக்கணினி விற்பனை, பழுதுநீக்கம், சிசிடிவி பொருத்துதல் ஆகிய மூன்றையும் ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே செய்யும், சென்னைப் புறநகரின் சிறு கடைகளில் ஒன்று என்பது போதும். இழந்த தொகை ₹8,400. அதில் ₹7,500 வட்டுக்கு. ₹900 பழைய வட்டில் இருந்ததை அப்படியே நகலெடுத்து, அதாவது குளோன் செய்து, புதியதைப் பொருத்தித் தருவதற்கு. வாங்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது திங்க்பேட் டி480. அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்துவிட்டதைக் குறைந்த விலைக்கு வாங்கியது. மாடல் 2018இல் வந்ததென்றாலும் இன்னும் நன்றாக உழைக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது பலருடைய பழைய கணினிகள் நட்டாற்றில் நின்றன. என்னுடையது எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி என்பதால் விண்டோஸ் 11ஐ ஏற்றுக்கொண்டது. ஆகவே இதைத் தூக்கிப் போட எந்தக் காரணமும் இல்லை. ஒரே குறை, உள்ளே இருந்த 256 ஜிபி எஸ்எஸ்டி நிரம்பி வழிந்ததுதான். நான் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்து பிழைப்பவன். ஒளிப்படங்கள் நிறைந்த ஒரு மலரைத் திறந்தாலே இடமில்லை என்று கணினி கையை விரித்துவிடும். 1 டிபி வட்டு போட்டுவிட்டால் இன்னும் நான்கைந்து ஆண்டுகள் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் பிழையில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சென்ற ஆண்டு இதே கணினிக்கு விசைப்பலகை மாற்றித் தந்தவர். அந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, கேட்ட கூலியும் நியாயமானது. "ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எதுக்குண்ணே அலையறீங்க, அதே விலைக்கு நானே போட்டுத் தர்றேன்" என்றார், சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையைச் சொல்லி. இழுப்பறையிலிருந்து பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டியை (வேகமான வகை), மேலுறை பிரிக்காத பெட்டியோடு எடுத்து என் கையில் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன், மாடல் எண், சீரியல் எண், மூன்றாண்டு வாரண்டி எல்லாம் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன. "நீங்களே பிரிங்கண்ணே, அப்புறம் சந்தேகம் வரக்கூடாது பாருங்க" என்று கத்தரிக்கோலையும் நீட்டினார். பிரித்தேன். உள்ளே சுண்டுவிரல் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான அந்த மெல்லிய பலகை பளபளவென்று இருந்தது. இப்போது நினைக்கும்போது மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஓர் இடத்தில்தான் வயிறு எரிகிறது. மாற்றி வைக்கப் போகிற மனிதர், புதுப் பொருளை என் கையாலேயே பிரிக்க வைத்து, என் வாயாலேயே "சரி, புதுசுதான்" என்று சொல்லவும் வைத்தார்.

குளோன் ஆக நேரம் பிடிக்கும், சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார். திரும்பி வந்தபோது கணினி மூடப்பட்டு, திருகுகள் முடுக்கப்பட்டு, என் பழைய முகப்புத் திரையோடு ஓடிக்கொண்டிருந்தது. கொள்ளளவு 931 ஜிபி என்று காட்டியது. 1 டிபி வட்டு விண்டோஸில் அப்படித்தான் தெரியும், அதில் ஐயமில்லை. பழைய வட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டும், புதியதன் காலிப் பெட்டியைத் தனியாகவும் கொடுத்தார். "சூடு ஏறாம இருக்க மேல ஒரு ஹீட் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன், அதுக்குக் காசு வேண்டாம்ணே" என்றும் சொன்னார். நான் நன்றி சொல்லி ₹8,400ஐ ஜிபேயில் அனுப்பினேன். கேட்டு வாங்கிய ஜிஎஸ்டி பில்லில் "எஸ்எஸ்டி 1 டிபி, எண்ணிக்கை 1" என்ற ஒற்றை வரி இருந்தது. நிறுவனத்தின் பெயரும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை.

சில வாரங்கள் கழித்துப் பெரிய கோப்புகளைச் சேமிக்கும்போதெல்லாம் கணினி அப்படியே உறைந்து நிற்கத் தொடங்கியது. வட்டின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவிப் பார்த்தேன். மின்சாரம் பாய்ந்த மொத்த நேரம் என்ற இடத்தில் 14,200 மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இரவு பகல் அணைக்காமல் ஓட்டினாலும் அவ்வளவு சேர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். இதுவரை எழுதப்பட்ட தரவு 60 டிபியைத் தாண்டியிருந்தது. வட்டின் நலம் 71 விழுக்காடு. எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் தெரிந்த சீரியல் எண்ணும் என் கையிலிருந்த பெட்டியின் சீரியல் எண்ணும் வேறு வேறு. நிறுவனம் மட்டும் ஒன்று. மாடல்கூட அது இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பெட்டியின் மேல் நொடிக்கு 3,500 எம்பி வேகம் என்று போட்டிருந்தது. எனக்கு அதில் பாதிகூட வரவில்லை. அதற்காகக் கடைக்காரரைக் குற்றம் சாட்டமாட்டேன். டி480இல் எஸ்எஸ்டி ஒரு தட்டில் உட்கார்ந்து இணைப்பு நாடா வழியாகத்தான் கணினியின் தாய்ப்பலகையோடு சேர்கிறது, தரவு ஓடும் பாதையான பிசிஐஇ 3.0இன் தடங்கள் அதற்கு இரண்டுதான் கிடைக்கும், நான்கு தடங்களுக்கான வேகத்தை அங்கே எந்த வட்டாலும் காட்ட முடியாது. என் புகார் வேகத்தைப் பற்றியதே இல்லை. புதிது என்று காட்டி, புதிதுக்கான விலையை வாங்கிக்கொண்டு, யாரோ ஓட்டித் தேய்த்ததைப் பொருத்தியது பற்றியது.

கடைக்குப் போய் மணிக்கணக்கைக் காட்டியதும், "அது குளோன் பண்றப்போ பழைய டிரைவோட ஹவர்ஸும் சேர்ந்து வந்துடும்ணே, எல்லாருக்கும் அப்படித்தான்" என்று கண்ணிமைக்காமல் சொன்னார். இது வடிகட்டிய பொய். குளோன் செய்யும்போது வட்டில் நாம் எழுதி வைத்த தரவு மட்டுமே இடம் மாறும். எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு எழுதப்பட்டது என்ற கணக்கை ஒவ்வொரு வட்டும் தன் கட்டுப்பாட்டுச் சில்லின் பொறுப்பில் தனியாக வைத்திருக்கிறது. பழைய வண்டியில் இருந்த சாமான்களைப் புது வண்டிக்கு மாற்றினால் கிலோமீட்டர் கணக்கும் சேர்ந்து மாறுமா என்று கேட்டேன், சிரித்தார். போதாததற்கு, நண்பரின் யுஎஸ்பி உறையில் என் பழைய வட்டைப் போட்டுப் பார்த்தபோது அது 6,000 மணியைத்தான் தொட்டிருந்தது. அந்தக் கணக்கு சேர்ந்து வந்திருந்தாலும் 14,200 எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, "சாஃப்ட்வேர் தப்பாக் காட்டும்" என்பது அடுத்த பதில். சீரியல் எண் ஏன் மாறியிருக்கிறது என்றதற்கு, பெட்டி மாறியிருக்கும், கம்பெனியில் அப்படி நடப்பதுண்டு என்றார். மென்பொருள் பொய் சொல்கிறது, கம்பெனி பொய் சொல்கிறது, அந்தக் கடையில் அவர் ஒருவர்தான் உண்மை பேசுகிறார்.

வீட்டுக்கு வந்து, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் உள்பேட்டரியை முடக்கிவிட்டு, அடிமூடியைக் கழற்றினேன். சூடு ஏறாமல் இருக்க இலவசமாக ஒட்டப்பட்ட அந்த ஸ்டிக்கரைப் பிரித்தபோதுதான் அதன் உண்மையான பயன் விளங்கியது. அதற்கடியில் வட்டின் அசல் லேபிள் இருந்தது. லேபிளில் ஒரு மடிக்கணினி நிறுவனத்தின் உதிரிபாக எண் அச்சிடப்பட்டிருந்தது. அதாவது, கடையில் சில்லறையாக விற்பதற்காகச் செய்த வட்டே அல்ல அது. கணினி தயாரிக்கும் நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்டு, ஏதோ ஓர் அலுவலகக் கணினிக்குள் உழைத்து, கழற்றி எடுக்கப்பட்டது. அதன் எண்ணை வட்டு நிறுவனத்தின் வாரண்டிப் பக்கத்தில் இட்டபோது, கணினியை விற்ற நிறுவனத்தையே அணுகவும் என்ற பதில் வந்தது. அந்தக் கணினி எது, யாருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? பெட்டியில் இருந்த எண்ணை இட்டால் மூன்றாண்டு வாரண்டி முழுமையாக இருக்கிறது என்று வருகிறது. என் கையால் பிரித்த புது வட்டு இப்போது வேறெங்கோ இருக்கிறது. அதற்கான வாரண்டிப் பெட்டி என் அலமாரியில் இருக்கிறது.

லேபிளைப் படமெடுத்துக் கொண்டு மறுபடியும் போனேன். படத்தைப் பார்த்தவுடன் அவர் முகம் மாறியது. ஆனால் வாயிலிருந்து வந்தது, "ஸ்டிக்கரைப் பிரிச்சுட்டீங்களேண்ணே, இனிமே வாரண்டி கிடையாதே" என்பது. எந்த வாரண்டி என்று கேட்டேன். கடை வாரண்டி ஓராண்டு, ஆனால் பழுதானால்தான், இப்போது ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்றார். அப்புறம் குரலைத் தணித்து, இன்னும் ₹2,500 கொடுத்தால் "புதுசாவே" மாற்றித் தருவதாகச் சொன்னார். ₹8,400 கொடுத்தவனிடம், முதலில் காட்டிய அதே பொருளுக்கு இன்னும் ₹2,500! அதற்குப் பிறகு போன் எடுப்பது கடைப்பையன்தான். "அண்ணன் சைட்டுக்குப் போயிருக்கார் சார்", "அண்ணன் சாப்பிடப் போயிருக்கார் சார்", "ஊருக்குப் போயிருக்கார், திங்கட்கிழமை வந்துடுவார் சார்." அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை, சம்பளத்துக்குச் சொல்கிறான். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்கு நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. இப்போது நீலக் குறியும் விழுவதில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பழைய பொருளைப் புதிது என்று சொல்லி விற்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 2(47) முறையற்ற வணிக நடைமுறை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ₹5 லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ₹8,400க்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். மெனக்கெடத்தான் வேண்டும். இவ்வளவு கச்சிதமாகச் செய்கிறவர் இதை என்னிடம் மட்டும் செய்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்திருந்தேன். மனு வேலை இருக்கிறது, கை பதறுகிறது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் நிறுவனப் பெயரும் பில்லில் ஏறாமல் பணம் கொடுக்காதீர்கள். வட்டைப் பொருத்துவதற்கு முன் அதன் லேபிளைப் படமெடுங்கள். லேபிளை மறைத்து யாராவது எதையாவது இலவசமாக ஒட்டினால் உடனே பிரிக்கச் சொல்லுங்கள். குளோன் முடியும்வரை கணினியை விட்டு நகராதீர்கள். நகர்ந்தே ஆகவேண்டுமென்றால், திரும்பி வந்ததும் கடை மேசையிலேயே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து சீரியல் எண்ணையும் மணிக்கணக்கையும் பாருங்கள். அந்தக் கணக்கைத் திருத்தி பூஜ்யமாக்கி விற்பவர்களும் உண்டு. ஆகவே மணி குறைவாக இருந்தாலும் எண் பொருந்துகிறதா என்பதை விடாதீர்கள். வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வட்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். என்னிடம் அது இருந்ததால்தான் குளோன் கதையை முறிக்க முடிந்தது. பணம் திரும்பி வந்தாலோ, ஆணையத்திலிருந்து அறிவிப்புப் போனாலோ இதன் கீழேயே எழுதுகிறேன்.