காரைக்குடியில் சி.இ.ஏ. பார்க்க இந்த லேபுக்குப் போகலாம்

அப்பச்சிக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷனும் கீமோவும் மதுரையில் முடிந்தன. நோய் திரும்புகிறதா என்று கவனிக்க, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்காக மதுரைக்கு அலையாமல் காரைக்குடியிலேயே காரியம் முடிவது எங்களுக்குப் பெரிய நிம்மதி. பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே லேபிலிருந்து வந்து ரத்தம் எடுக்கிறார்கள்.

வருகிற பெண்ணுக்கு நல்ல கை. கீமோவுக்குப் பிறகு அப்பச்சிக்கு நரம்பு கிடைப்பதே பெரும்பாடு. பட்டாலையில் உட்காரவைத்து, ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கச் சொல்லி, வெந்நீரில் நனைத்த துணியால் கையை ஒற்றியெடுத்து, மெல்லிய ஊசியால் ஒரே குத்தில் எடுத்துவிட்டார். மஞ்சள் மூடி போட்ட குழாயில் பெயர், வயது, நேரம் எழுதி, அதை அப்பச்சிக்கே வாசித்துக் காட்டிய பிறகுதான் ஐஸ் பெட்டியில் வைத்தார். “வலிக்கவே இல்லையே ஆத்தா” என்றார் அப்பச்சி.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரிப்போர்ட். பழைய அளவுகளைத் தேதியோடு பக்கத்திலேயே போட்டு, எந்த முறையில் பார்த்தது என்றும் அச்சிடுகிறார்கள். மெஷினுக்கு மெஷின் இந்த அளவு மாறும் என்பதால் ஒரே லேபில் பார்த்து வருவதுதான் சரி. சி.இ.ஏ. என்பது 1965-ல் கண்டறியப்பட்ட ஒரு புரதம். ஆபரேஷனுக்கு முன்பு அது ஏறியிருந்தால் நோய் திரும்பும் அபாயம் கூடுதல். ஆபரேஷன் முடிந்து நாலு முதல் ஆறு வாரத்தில் இறங்கிவிட்டால் நல்ல அறிகுறி. இறங்காவிட்டால் எங்கோ மிச்சம் இருக்கிறதா என்று தேடுவார்கள். அப்பச்சிக்கு இயல்பு அளவான 5-க்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் இந்த ஒரு எண்ணை வைத்து ஆயுளைக் கணக்குப் போடக் கூடாது என்றார் டாக்டர். நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது, நெறிக்கட்டிகளுக்குப் பரவியதா என்பதெல்லாம் இதைவிட முக்கியமாம்.

கவுன்ட்டரில் இருப்பவரின் நேர்மையையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன், புற்றுநோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தானும் இதே டெஸ்டை எடுக்கக் கேட்டார். “சிகரெட் பிடிச்சாலே இது கொஞ்சம் ஏறும்ணே. ஆரம்ப நிலைப் புற்றுநோயில ஏறாமலும் இருக்கும். முதல்ல டாக்டரைப் பாருங்க” என்று காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். கட்டியின் திசுவில், டி.என்.ஏ. பிழைகளைச் சரிசெய்யும் எம்.எல்.ஹெச்.1, எம்.எஸ்.ஹெச்.2 போன்ற புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை பற்றி நான் கேட்டபோதும், அது இங்கே கிடையாது, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில், கட்டியின் திசுவைப் பதப்படுத்தி வைத்திருக்கும் மெழுகு பிளாக்கைக் கேளுங்கள் என்று வழி சொன்னார்.

குறை ஒன்று உண்டு. ரிப்போர்ட்டை ராத்திரி நேரத்தில் நேராக அப்பச்சி போனுக்கே அனுப்பிவிடுகிறார்கள். 3.1 இருந்தது 3.8 ஆனதற்கே அவர் விடிய விடியத் தூங்கவில்லை. இயல்பு அளவுக்குள் இப்படி ஏறி இறங்குவது சகஜம் என்று மறுநாள் டாக்டர் சொன்ன பிறகுதான் சாப்பிட்டார். வயதானவர்களுக்கு எடுக்கும்போது, ரிப்போர்ட்டை எந்த நம்பருக்கு அனுப்புவது என்று வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் போய் எடுப்பதாக இருந்தால் பில்லில் உங்கள் நம்பரைக் கொடுத்துவிடுங்கள்.