கிராஸ்கட் ரோடு துணிக்கடை: சேலை பரவால்ல, பில்லு சூப்பர்

இந்தக் கடையோட கலெக்‌ஷன் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க, அதனால நான் பில்லப் பத்தி எழுதறேன், சிரிக்காதீங்க. கோயமுத்தூர் காந்திபுரம் பக்கம் துணிக்கடைக்குப் பஞ்சமே இல்ல, ஆனா ஜிஎஸ்டி எதுக்கு எத்தனை பர்சன்ட், தள்ளுபடிக்கு முன்னாடி போட்டீங்களா பின்னாடி போட்டீங்களான்னு கேட்டா மூஞ்சி சுளிக்காம பதில் சொல்ற கேஷ் கவுன்ட்டர் ரொம்பக் கம்மி. இங்க சொல்றாங்க.

தங்கச்சி நிச்சயத்துக்கு எடுக்கப் போனோம். பட்டு செக்‌ஷன்ல சாஃப்ட் சில்க் ஒண்ணு 8,400, டேக்லயே வரி சேர்த்துதான் ரேட்டு. பில்லுல வரி 400னு இருந்துச்சு, சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு) 200 எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசுக்கு) 200. எங்க மச்சான் உடனே போன்ல கால்குலேட்டரத் தட்டி, 8,400க்கு 5 பர்சன்ட் 420 வருது, இவங்க 400தான் காட்டறாங்க, 20 ரூபாய் கவர்மென்ட்டுக்குப் போகாம அமுக்கறாங்கன்னு ஆரம்பிச்சுட்டாரு. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு பொறுமையா, "அண்ணா, 5 பர்சன்ட் 8,400 மேல இல்லீங்ண்ணா, சேலையோட வெல 8,000, அது மேல 400, ரெண்டும் சேர்ந்துதான் 8,400"ன்னுச்சு. அப்புறம் ஒரு ஷார்ட்கட்டும் சொல்லுச்சு பாருங்க, வரி சேர்ந்த ரேட்ட 21ஆல வகுத்தா 5 பர்சன்ட் வரி அப்படியே வந்துடும். 2,100 ரூபாய்க்கு 100, 8,400க்கு 400. 18 பர்சன்ட்டுக்கு இந்த மாதிரி ஈசியா இல்ல, 1.18ஆல வகுத்து வரி இல்லாத வெல கண்டுபிடிச்சு மொத்தத்துல இருந்து கழிக்கணும். மச்சான் அதுக்கப்புறம் வாயத் தொறக்கல, அமைதியா கட்டப்பையத் தூக்கிட்டாரு.

சரி, ரெடிமேடுக்கு வருவோம், அங்கதான் விஷயமே இருக்கு. 2025 செப்டம்பர் 22ல இருந்து ரெடிமேட் துணிக்கு ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரைக்கும் 5 பர்சன்ட், அதுக்கு மேல போனா 18. முன்னாடி 1,000 வரைக்கும் 5, மேல 12னு இருந்துச்சு. மேல போன பகுதிக்கு மட்டும் 18 இல்லீங்க, மொத்த வெலைக்கும் 18. வரி சேர்க்காம 2,500 வெல உள்ள சட்டை கைக்கு 2,625 ஆகும், ஒரே ஒரு ரூபாய் ஏறி 2,501 ஆச்சுன்னா 2,951 ஆயிடும். ஒரு ரூபாய்க்கு 326 ரூபாய்! இது யாரு யோசிச்சாங்களோ தெரியல. பட்டு சேலை துணிக் கணக்குல வர்றதால அதுக்கு இந்தக் கோடே கிடையாது, 40,000 ரூபாய் பட்டுக்கும் 5தான், 3,000 ரூபாய் குர்தாவுக்கு 18.

பையனுக்கு எடுத்த குர்தா செட் எம்ஆர்பி 3,200, 20 பர்சன்ட் தள்ளுபடி போக 2,560. இங்க தள்ளுபடியக் கழிச்சுட்டு அப்புறம்தான் வரியப் பாக்கறாங்க, அதான் சரி. 2,560ல வரி 121.90, வரி இல்லாத வெல 2,438 சொச்சம், அது 2,500க்குள்ள வந்துடுது, அதனால 5 பர்சன்ட். தள்ளுபடி இல்லாம வாங்கியிருந்தா அதே செட்டுல 488 ரூபாய் வரியா போயிருக்கும். போன தீபாவளிக்கு வேற ஒரு கடைல (பேர் வேண்டாம்) தள்ளுபடி போக வந்த ரேட்டு மேல திரும்ப தனியா ஜிஎஸ்டி போட்டாங்க, கேட்டா சிஸ்டம் அப்படித்தான் சார்னாங்க. எம்ஆர்பின்னாலே எல்லா வரியும் சேர்ந்ததுதான், தள்ளுபடி ரேட்டு மேல வரிய ஏத்தறது தப்புன்னு 2017லயே, ஜிஎஸ்டிக்கு முன்னாடி வாட் வரி இருந்த காலத்துலயே, தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லிடுச்சு. பில்லு கைல வந்ததும் இத ஒண்ண மட்டுமாவது பாருங்க.

மேல் மாடி சாப்பாட்டு செக்‌ஷன் சுமார். போர்டுல போட்டிருக்கறது வரி இல்லாத ரேட்டு, ஆனா அத எங்கயும் எழுதல. 640க்கு சாப்பிட்டோம், ரெண்டரை ரெண்டரை பர்சன்ட்டா 16ம் 16ம் சேர்த்து 672. ஓட்டலுக்கு ஏசி இருந்தாலும் இல்லாட்டியும் 5தான், பார்சலுக்கும் அதே. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்த புதுசுல ஏசி ஓட்டலுக்கு 18 போட்டு அந்த நவம்பர்லயே கொறச்சாங்க, ஞாபகம் இருக்கும். சர்வீஸ் சார்ஜ்னு எதுவும் போடல, நல்லது, போட்டிருந்தாலும் அது வரி இல்ல, எடுத்துடுங்கன்னு சொல்லலாம். பக்கத்துல பேக்கரி கவுன்ட்டரும் இருக்கு. நம்ம ஊர் ஓட்டல் முதலாளி ஒருத்தரு 2024ல நிதியமைச்சர் முன்னாடியே பன்னுக்கு வரி இல்ல, உள்ள கிரீம் வெச்சா 18னு கேட்டாரே, அந்த கேக் பேஸ்ட்ரி ஐட்டமெல்லாம் இப்ப 5க்கு வந்துடுச்சு. ஆனா இங்க பஃப்ஸ் ஆறிப்போய் இருந்துச்சு, அதுக்கு வரிய முடிவு பண்ற ஜிஎஸ்டி கவுன்சிலும் ஒண்ணும் பண்ண முடியாது.

பில்லுல ஜிஎஸ்டி நம்பர் தெளிவா இருக்கு, 15 எழுத்து, தமிழ்நாட்டுக் கடைன்னா 33ல ஆரம்பிக்கும், டவுட்டா இருந்தா ஜிஎஸ்டி போர்ட்டல்ல அடிச்சா கடை பேரே வரும். சின்னக் கடைகள்ல காம்போசிஷன்னு (சின்ன வியாபாரிகளுக்கான தனி ஜிஎஸ்டி திட்டம்) பில்லுல போட்டிருந்தா அவங்க நம்மகிட்ட வரி தனியா வாங்கவே கூடாது.

நாலு ஸ்டார். ஒண்ணு கொறச்சது சாப்பாட்டு போர்டுக்கும், பில்லு அடிக்கற அந்த வழவழ பேப்பருக்கும். மாத்தறதுக்கு 15 நாள் டைம் குடுக்கறாங்க, ஆனா அதுக்குள்ள எழுத்து மங்கிடும் போல, வீட்டுக்கு வந்த உடனே போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பார்க்கிங் கிடைக்காது, பஸ்லயே போங்க.