பேக்கிங் மெஷின் வாங்கப் போகும் மலைக்காரர்களே, 1,68,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன். அவர்களும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். இன்று காலை போனில் அந்தக் கடை மேனேஜர் சொன்னது இது: "மேடம், ஹில் ஏரியாவுக்கெல்லாம் வாரண்டி கிடையாதுங்க." பணம் கட்டும்வரை நான் அக்கா, கட்டியபிறகு மேடம். 1,68,000 ரூபாயை எண்ணி வாங்கியபோது குன்னூர் மலைமேல் இருப்பது தெரியாமல் இருந்ததா?

கடையின் பெயரைப் போடவில்லை. வழக்கு போடும்வரை போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கோவைப் பக்கத்தில் பேக்கிங் மெஷின் விற்கிறவர்கள். ஏசி ஷோரூம், வரிசையாகப் பளபளவென்று மெஷின்கள், "சிறுதொழில் தொடங்கலாம் வாங்க" என்று வீடியோ போடும் ஆட்கள். இதற்குமேல் இப்போதைக்குச் சொல்ல முடியாது.

எங்கள் தொழில் டீத்தூள். ஃபேக்டரியிலிருந்து சாக்கில் வாங்கி, டஸ்ட் என்கிற நைஸ் தூளும் லீஃப் என்கிற பெரிய தூளும் எங்கள் கணக்கில் கலந்து, 100 கிராம், 250 கிராம் பாக்கெட் போட்டுக் கடையிலும் பார்சலிலும் விற்கிறோம். நான், வீட்டுக்காரர், கூட வேலை செய்யும் இரண்டு பெண்கள், அவ்வளவுதான் கம்பெனி. தராசில் போட்டு, பையில் கொட்டி, கால் மிதி சீலரில் ஒட்டுவோம். மற்ற மாதங்களில் இது போதும். ஏப்ரல், மே சீசனில் போதாது. சிம்ஸ் பூங்கா பழக்கண்காட்சி சமயத்தில் ராத்திரி உட்கார்ந்து ஒட்டினாலும் காலையில் அலமாரி காலி. அதனால் இந்த வருஷம் சீசனுக்கு முன்னால் ஒரு மெஷின் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். பிலிம் ரோலை மாட்டினால் தானே பை செய்து, தூளை நிரப்பி, ஒட்டி, வெட்டித் தள்ளும் மெஷின்.

நம்பியது எப்படி என்று கேட்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு போய் வாங்கவில்லை. வீட்டுக்காரரும் நானும் நேரில் போனோம். அங்கே சர்க்கரையைப் போட்டு ஓட்டிக் காட்டினார்கள். "சர்க்கரை வேண்டாம், எங்கள் தூளில் ஓட்டுங்கள்" என்று கையோடு கொண்டுபோன பையைக் கொடுத்தேன். ஓனர் சிரித்துக்கொண்டே வாங்கி, முதலில் உள்ளே கொடுத்து டீ போட்டுக் கொண்டுவரச் சொன்னார். "உங்க தூள்ல போட்டதுதானுங்க்கா, குடிச்சுப் பாருங்க. நல்ல சரக்கு வெச்சிருக்கீங்க, இதுக்கு நல்ல பாக்கெட் வேணும்ல?" என்றார். எங்கள் தூளை எங்களுக்கே டீ போட்டுக் கொடுக்கிற மனுஷன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

மெஷினை அன்றைக்கே செட் செய்ய நேரமில்லை, தூளை வைத்துவிட்டுப் போங்கள், ஓட்டி வீடியோ அனுப்புகிறோம் என்றார்கள். இரண்டாம் நாளே வீடியோ வந்தது. பாக்கெட் பாக்கெட்டாக விழுகிறது, ஒரு சுருக்கம் இல்லை. அந்த வீடியோவில் ஒரு பாக்கெட்டைக்கூடத் தராசில் வைக்கவில்லை.

சர்வீஸ் பற்றியும் தெளிவாகவே கேட்டேன். நாங்கள் இருப்பது மலையில், ரிப்பேர் என்றால் யார் வருவார்கள் என்று. அதற்கு ஓனர் மெஷின்மேல் கை வைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மெஷின் விக்கிறது ஒரு நாள் வேலைங்க்கா. சர்வீஸ்தான் எங்க தொழிலே. ஒரு போன் போடுங்க, அடுத்த நாள் காலையில பையன் உங்க வாசல்ல நிப்பான். ஒரு வருஷத்துக்கு அஞ்சு பைசா வேண்டாம்." இதையே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் அனுப்பினார். நகையை அடகு வைத்து 50,000 முன்பணம், வண்டியில் ஏற்றுவதற்குமுன் 1,18,000. இரண்டும் பேங்க் வழியாகத்தான். மொத்தம் 1,68,000.

மெஷினோடு ஒரு பையன் வந்தான். நல்ல பையன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். மதியம் வந்து, மாட்டி, பத்துப் பாக்கெட் ஓட்டிக் காட்டி, "இருட்டறதுக்குள்ள பர்லியாறு தாண்டணும்க்கா" என்று ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். மெஷின் திருப்தியாக ஓடுகிறது என்று அதில் முன்பே அச்சடித்திருந்தது. இப்போது எதற்கெடுத்தாலும் அந்தப் பேப்பரைத்தான் தூக்கிக் காட்டுகிறார்கள்.

மறுநாள் ஓட்டியதில் தொடங்கியது. 100 கிராம் பாக்கெட்டில் ஒன்று 108, அடுத்தது 103, தூள் கொட்டி வைக்கும் ஹாப்பரில் தூள் இறங்க இறங்க 95, 91. ஒட்டிய இடம் வேறு, விரலால் அமுக்கினால் பிரிந்துகொண்டது.

காரணம் என்ன என்று எங்களுக்கு அப்புறம்தான் புரிந்தது. இந்த மெஷின் எடை போடுவதே இல்லை. ஒரு கப்பில் அளந்து கொட்டுகிறது. சர்க்கரை எல்லாம் ஒரே அளவுக் குருணை, சரளமாக இறங்கும், அதனால் எடை ஓரளவு சரியாக வரும். டீத்தூள் அப்படியில்லை. அதே கப்பில் டஸ்ட் கூடுதல் எடை நிற்கும், லீஃப் குறையும். இரண்டும் கலந்த தூளை ஹாப்பரில் போட்டு மெஷின் அதிர ஆரம்பித்தால் நைஸ் எல்லாம் அடிக்கு இறங்கும், லீஃப் மேலே நின்றுகொள்ளும். அப்போது முதலில் விழும் பாக்கெட் கனக்கும், கடைசியில் விழுவது குறையும். எடை மட்டுமில்லை, கலவையே மாறிவிடுகிறது. முதல் பாக்கெட் வாங்கியவருக்கு ஒரு டீ, கடைசிப் பாக்கெட் வாங்கியவருக்கு வேறு டீ. ஒட்டுகிற இடத்தில் பறக்கும் தூசி படிந்தால் சீலும் பிடிக்காது. மெஷின் விற்கிறவனுக்கு இதெல்லாம் பாலபாடம். தெரிந்தேதான் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பாக்கெட் பொருள்களுக்கான 2011 விதிகளின்படி 100 கிராம் பாக்கெட்டில் 4.5 கிராமுக்குமேல் குறையக் கூடாது. 91 கிராம் பாக்கெட்டை அலமாரியில் வைத்தால் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து என் கடைமேல்தான் வழக்கு போடுவார், மெஷின் கடைமேல் இல்லை. குறையவே கூடாது என்று கப்பைப் பெரிதாக்கினால் பாக்கெட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் சும்மா போகிறது. டீத்தூளில் நிற்கிற லாபமே அவ்வளவுதான்.

இனி அவர்கள் சொன்ன சாக்குகள். முதலில், "உங்க ஊர்ல வோல்டேஜ் டவுனுங்க்கா." தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட்டிவந்து பார்த்தோம், 225 இருந்தது. அவரே மெஷினைத் திறந்து பார்த்து, ஹீட்டர் சூட்டை அளக்கும் சென்சார் சரியாக உட்காராமல் தொங்குகிறது என்று கண்டுபிடித்து மாட்டிவிட்டார். சீல் ஓரளவு பிடித்தது. ஒரு டீயும் நூறு ரூபாயும் வாங்கிக்கொண்டு போனார். 1,68,000 வாங்கியவர்களுக்கு இந்த வேலைக்கு ஆள் அனுப்ப முடியவில்லை.

அடுத்து, "உங்க தூள் ரொம்ப நைஸுங்க்கா." அன்று டீ போட்டுக் குடித்தபோது நல்ல சரக்காக இருந்த தூள்தான்.

பிறகு சீசன் டிராஃபிக். பிறகு இ-பாஸ், வெளியூர் வண்டி மலை ஏற வாங்கும் அனுமதி. "இ-பாஸ் கிடைக்கலீங்க மேடம், அப்ளை பண்ணியிருக்கோம்." 2024 மே மாதத்திலிருந்து இந்த ஊரில் இ-பாஸோடு வாழ்கிறவர்கள் நாங்கள். மேட்டுப்பாளையத்தில் அரசு பஸ் ஏறினால் பாஸே தேவையில்லை, ஒரு ஸ்பேனரும் ஒரு பையும் பஸ்ஸில் வரக்கூடாதா என்று கேட்டேன். போன் கட்டானது. சிக்னல் இல்லையாம்.

சீசன் முடிந்து மழை வந்தது. நீலகிரிக்கு ரெட் அலர்ட் என்று டிவியில் பார்த்தோம், ரோடு திறக்கட்டும் என்றார்கள். கொட்டித் தீர்த்தது கூடலூர், அவலாஞ்சி பக்கம். குன்னூரில் அன்று துணி காயப்போட்டிருந்தோம். தென்மேற்குப் பருவமழைக்கு எங்கள் ஊர் மறைவு, எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசியில்தான் என்பதெல்லாம் கீழே இருப்பவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது? நீலகிரி என்றால் எல்லாம் ஒன்று.

ஒரு நாள் ஓனரே போனை எடுத்துவிட்டார், தெரியாமல் எடுத்திருப்பார். ரொம்ப அன்பாகப் பேசினார். "டீத்தூளுக்குக் கப் மாடல் செட் ஆகாதுங்க்கா, ஸ்க்ரூ வெச்ச மாடல்தான் கரெக்ட். பழசை எடுத்துக்கறோம், மேல ஒரு 65,000 போடுங்க, முடிச்சுக்கலாம்." செட் ஆகாது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அப்படியானால் ஏன் விற்றீர்கள் என்றேன். "நீங்க பட்ஜெட் கம்மியா சொன்னீங்க" என்றார். நான் சொன்ன பட்ஜெட் இரண்டு லட்சம்.

கடைசியாக மலைக்கு ஆள் வர ஒரு தடவைக்கு 4,500, டாக்ஸி தனி, தங்கினால் ரூம் தனி என்று மெசேஜ். ஒரு வருஷம் இலவசம் என்ற குரல் பதிவைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அதற்குப் பிறகுதான் இன்றைய "வாரண்டி கிடையாது". பில்லின் பின்பக்கம் பாருங்கள் என்கிறார்கள். பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷில் ஒரு வரி இருக்கிறது, பயணச் செலவு வாங்குபவருடையது, மின்பாகங்களுக்கு உத்தரவாதம் இல்லை என்று. அந்த பில் மெஷினோடு லாரியில் வந்தது. பணம் கட்டும்போது கண்ணில் காட்டவில்லை.

மலைக்கு வர முடியாது என்றால் மலைக்கு விற்காதே. இதில் என்ன கஷ்டம்?

நாங்களும் தொழில்தான் செய்கிறோம். போன வருஷம் திருப்பூருக்கு அனுப்பிய பார்சலில் தூள் முழுக்கத் தைல வாசம். பார்சல் ஆபீசில் யாருடைய தைல பாட்டிலோ ஒழுகியிருக்கிறது, டீத்தூள் பக்கத்தில் எது இருந்தாலும் அந்த வாசத்தை இழுத்துக்கொள்ளும். தப்பு எங்களுடையது இல்லை. ஆனாலும் அவர் பணம் கொடுத்தது எங்களிடம், பார்சல்காரனிடம் இல்லை. அன்றைக்கே வேறு பாக்கெட் அனுப்பினோம். இன்றுவரை மாதாமாதம் வாங்குகிறார், அவர் தங்கச்சி வீட்டுக்கும் சேர்த்து. எங்களுக்குப் போனது சில நூறு ரூபாய். அந்த ஷோரூம் ஓனருக்கு ஒரு பையனை ஒரு நாள் பஸ் ஏற்றி அனுப்ப என்ன செலவாகியிருக்கும்? இந்த மலையில் எத்தனை டீத்தூள் கடை, சாக்லேட் கடை, மசாலா கடை இருக்கிறது? ஒருத்தருக்கு ஒழுங்காகச் செய்திருந்தால் நானே பத்துப் பேரை அனுப்பியிருப்பேன். இப்போது பத்துப் பேரைத் தடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மெஷின் மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. அவர்கள் கொடுத்த அளவுக்கு அச்சடித்த பிலிம் ரோல் வேறு தனியாகக் கிடக்கிறது, கையால் ஒட்டுவதற்கு அது உதவாது. அந்தச் செலவை 1,68,000-இல் சேர்க்கவே இல்லை. சீசன் முழுக்கப் பழைய கால் மிதி சீலரில்தான் ஓட்டினோம்.

அந்த மேனேஜர் இன்னொன்றும் சொன்னார்: "நீங்க வியாபாரத்துக்கு வாங்குனது, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாதுங்க மேடம்." நானும் ஒரு நிமிஷம் அரண்டுவிட்டேன். வக்கீலிடம் கேட்டதில், வியாபாரத்துக்கு வாங்கியதைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் சொந்த உழைப்பில் சுயதொழிலாகப் பிழைப்பு நடத்த வாங்கியிருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. கோவைக்கு அலைய வேண்டியதில்லை, நாம் இருக்கும் மாவட்டத்திலேயே, எங்களுக்கு ஊட்டியில், மனு போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இதைக் கேட்டதும் பாதி உயிர் வந்தது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கடையில் ஆள் நிற்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். வீடியோவை நம்பாதீர்கள். உங்கள் சரக்கை உங்கள் கண்முன் ஒரு மணி நேரம் ஓட்டி, முதல் பாக்கெட், நடுப்பாக்கெட், கடைசிப் பாக்கெட் மூன்றையும் தராசில் வையுங்கள். ஹாப்பர் காலியாகும்வரை ஓட்டச் சொல்லுங்கள். பில்லின் பின்பக்கத்தைப் பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். மலைக்கு வந்து செய்யும் சர்வீஸுக்கு எவ்வளவு, எத்தனை நாளில் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். மெஷின் உங்கள் இடத்தில் சில நாள் ஓடும்வரை ஒரு பகுதிப் பணத்தைப் பிடித்துவையுங்கள், கையெழுத்தும் அதற்குப் பிறகுதான். குரல் பதிவு, மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். அவ்வளவுதான் இப்போது ஞாபகம் வருகிறது.

இதே மாதிரிக் கடையில் மெஷின் வாங்கி, இதே பதிலைக் கேட்டவர்கள் கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். ஒரே பிரச்சினை உள்ளவர்கள் சேர்ந்து மனு போட வழி இருக்கிறதாம். பில்லைப் படம் எடுத்து அனுப்புங்கள், இரண்டு பக்கமும்.